காளிக்கு வந்த காய்ச்சல்

வன்னியராஜைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் காலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அப்படியொரு கால் அது. உடன்குடிப் பக்கம் தேரிமணலில் ஓடித் திரிந்த கால். மீசை முளைக்கும் முன்னாலேயே திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்து, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட்டை மிதித்து மிதித்துத் தடித்துப்போன கால். சிமெண்ட் அரித்து இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. "ஒங்க கால் வெடிப்புல பல்லி குடும்பம் நடத்தலாம்" என்று அவன் மனைவி பேச்சி கேலி செய்வாள். "நடத்திட்டுப் போவுது, வாடகையா கேக்கப் போறோம்" என்பான். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ஆள்.

கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். லைன் முழுக்கத் திருநெல்வேலி, தூத்துக்குடி ஆட்கள்தான். கட்டட வேலை, ஹோட்டல் வேலை, கடை வேலை. பேச்சி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஆரம்பத்தில் அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று ஆகிப்போனது. ஊருக்குப் போனால் அவன் பேச்சைக் கேட்டு "மலையாளத்தான் வந்துட்டாம்ல" என்று சிரிப்பார்கள். இங்கே அத்தனை வருஷம் ஆகியும் அவன் வெறும் "அண்ணன்"தான், தமிழன் என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச்சிக்கு டெங்கு வந்தது. கொசு எங்கிருந்து யாரைக் கடித்துவிட்டு வந்து இவளைக் கடித்ததோ, அந்தப் பாவி கொசுவுக்குத்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் வாயிலும் மூக்கிலும் ரத்தம் கசியக் கிடந்தாள். வார்டு வாசலில் நின்றுகொண்டு வன்னியராஜ் குலசை முத்தாரம்மனிடம் நேர்ந்துகொண்டான்: "தாயே, இவள எழுப்பி விட்டுரு. மூணு வருசம் ஒனக்குக் காளி கட்டுதேன்." பேச்சி பிழைத்தாள். பிழைக்க வைத்தது குளுக்கோஸ் பாட்டிலா, அம்மனா என்று நம்மைப் போன்றவர்கள் வேலையில்லாமல் விவாதம் செய்யலாம். அவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை.

குலசேகரன்பட்டினத்துத் தசரா பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காளி வேஷம் கட்டுகிறவன் சும்மா சாயம் பூசிக்கொண்டு ஆட முடியாது. ஒரு மண்டலத்துக்கும் மேலாக மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும். ஒருவேளைச் சோறு. காலையும் மாலையும் தலைக்குக் குளியல். மனைவியைத் தொடக்கூடாது, 'செட்டு' என்கிற வேஷக் குழு ஆட்களோடு ஓலைக் குடிலில்தான் படுக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலில் செருப்பு கூடாது. கொடியேறிய அன்று காப்புக் கட்டி, அதன் பிறகு வேஷத்தோடு தெருத் தெருவாகக் காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் குலசைக் கடற்கரையில் சூரனை வதம் செய்து முடிந்த பிறகுதான் மாலையைக் கழற்றலாம்.

முதல் இரண்டு வருஷமும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மூன்றாவது வருஷம் வந்ததே மழை! ஆவணி பிறந்ததில் இருந்து விடாத மழை. ஆற்றங்கரை ஓரம் ஒரு ஃப்ளாட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோண்டிய குழியெல்லாம் குளம். பக்கத்திலேயே ஒரு ஹோட்டலின் பின்புறம். எச்சில் இலையும் மிச்சச் சோறும் கொட்டுகிற இடம். அங்கே எலி என்றால் அப்படியொரு எலி. பகலிலேயே, யாரோ அழைத்த விருந்தாளி மாதிரி, குழியின் விளிம்பில் நடந்து போகும்.

அந்த எலிக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் வயிற்றெரிச்சல். நோயை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு தின்னும், ஓடும், குட்டி போடும். அது மூத்திரம் போகிற இடத்திலெல்லாம் கிருமி போகும். அந்தத் தண்ணீரில் புண்ணோடு ஒரு மனிதக் கால் இறங்கினால் போதும். மாட்டுக்கும் நாய்க்கும்கூட இப்படித்தான் போகும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எலிக்காய்ச்சலை எலிப்பனி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பேச்சிக்கும் தெரியும். தெரிந்து என்ன?

சூப்பர்வைசர் சிஜி நல்ல மனுஷன். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தான். "அண்ணா, பூட்ஸ் இல்லாதே குழியில எறங்கண்டா, கேட்டோ? எலிப்பனி வந்தா ஆளு போகும்" என்று வன்னியராஜிடம் தனியாகவும் சொன்னான். வன்னியராஜ் அதைக் கையில் தூக்கிக்கொண்டு குடிலுக்குப் போகும் வழியில் வீட்டு வாசலில் நின்றான்.

"சிஜி சாரு போடச் சொல்லுதாரு. நானும் போடலாம்னுதான் நெனைக்கேன். குழிக்குள்ள நிக்கும்போது மட்டும். அம்மனுக்குத் தெரியாதா, வயித்துப் பாட்டுக்குத்தான போடுதோம்னு?"

போடுவதற்கு அவனுக்குச் சம்மதம்தான். இதைச் சொல்லியாக வேண்டும்.

பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "மாலை போட்ட காலுக்குப் பூட்ஸா? ரெண்டு வருசம் ஒழுங்கா இருந்துட்டு மூணாவது வருசம் குத்தம் வைக்கவா?"

"ஏட்டி, தண்ணி மோசமா கெடக்கு. நேத்து கம்பி காலக் கிழிச்சது வேற."

"மஞ்சப் பத்து போடுதேன், ஆறிரும். ஒங்க உசுருக்கு நேந்ததுன்னா நீங்க என்னமும் செய்யுங்க. நான் ஏன் கேக்கப் போறேன்? இது என் உசுருக்கு நேந்ததுங்க."

அவன் சிரித்தான். பூட்ஸை வாசலில் வைத்துவிட்டு, "சரி, ஒன் உசுரு பெருசுதான். காலுக்கு என்ன, கெடக்குது கழுத" என்றான். பேச்சி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கிண்ணத்தில் எட்ட நின்று வைத்தாள். விரதக்காரனைத் தொடக்கூடாது அல்லவா? அவனே எடுத்துப் பூசிக்கொண்டான்.

மறுநாளும் அடுத்த நாளும் அவன் வெறுங்காலோடுதான் நின்றான். சிஜி பார்க்கும்போது மேலே ஏறிக்கொள்வான். பார்க்காதபோது மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, முழங்கால் சேற்றில் கம்பி கட்டினான். சாயங்காலம் கலங்கி ஓடுகிற ஆற்றில் முங்கிக் குளித்தான். சுகாதாரத் துறையின் ஆஷா பணியாளர் ஷிஜா லைனுக்கு எலிப்பனித் தடுப்பு மாத்திரை கொண்டுவந்த அன்று அவன் வேலையில் இருந்தான். "ஆளு வந்தா சொல்லு சேச்சி, நேர்ல கண்டாத்தான் தருவேன்" என்று ஷிஜா போய்விட்டாள். பேச்சி சொல்ல மறந்தாளா, விரதத்தில் மருந்து எதற்கு என்று விட்டாளா, பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை.

காப்புக் கட்டி இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. விரதச் சூடு என்றார்கள். கெண்டைக்கால் கழன்று விழுவதுபோல வலித்தது. மேளத்துக்கு ஆடியதால் என்றார்கள். பிறகு கண் சிவந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை. வெள்ளை விழி என்பதே தெரியாமல், பீளை ஒரு சொட்டு இல்லாமல், பார்த்தால் பயம் வருகிற சிவப்பு.

செட்டுத் தலைவர் திரவியம் அண்ணாச்சிக்கு அதைப் பார்த்துப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ வருஷமாகக் காளி கட்டியவர் அவர். "நாங்கள்லாம் மையத் தடவி, வெங்காயத்தக் கசக்கிக் கண்ணச் செவக்க வச்சோம். இவனுக்குத் தானா செவந்துருக்கு பாத்தியளா? ஆத்தா நேரா வந்து உக்காந்துட்டா" என்று எல்லோரையும் கும்பிட வைத்தார். மனசறிந்து பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். நிஜமாகவே நம்பினார். நம்புகிறவனை என்ன செய்ய முடியும்?

வலியசாலை அக்ரஹாரத் தெருவில் காணிக்கை எடுக்கப் போனபோது பேச்சியும் பின்னால் போனாள். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு கொலு. சடைமுடியும் கிரீடமும் நாக்கும் கட்டி, முதுகில் மரக்கைகள் விரித்து, வன்னியராஜ் நடுத்தெருவில் நின்றான். ஆடவில்லை. நின்றபடியே நடுங்கினான். அந்த நடுக்கத்தைப் பார்த்து மேளக்காரன் வேகம் கூட்டினான்.

ஒரு வீட்டு மாமி முறத்தில் அரிசி கொண்டுவந்து கொட்டினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தவள் கொஞ்சம் தயங்கினாள். "கண்ணு இப்படிச் செவந்திருக்கே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேப்பா? ஜொரம் கிரம் அடிக்கறதா?"

"அம்மன் எறங்கியிருக்கா மாமி" என்றார் திரவியம் அண்ணாச்சி.

மாமி அந்தக் கணமே இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். குங்குமம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படித்த குடும்பம், பிள்ளை ஏதோ ஆபீசில் பெரிய வேலை. கேட்ட கேள்வியை அவளும் அப்படியே விழுங்கிவிட்டாள்.

பேச்சியும் வரிசையில் போய்க் காலில் விழுந்தாள். வேஷம் கட்டினால் அவன் புருஷன் இல்லை, காளி, விழலாம். நெற்றி அவன் பாதத்தில் பட்டதும் சுரீர் என்றது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிக் கொதித்தது கால். அவன் திருநீறு பூசுவதற்குக் குனிந்தான். கட்டியிருந்த நாக்குக்கும் பல்லுக்கும் பின்னால் இருந்து, மேளச் சத்தத்துக்குள் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவன் குரல் வந்தது:

"ஏட்டி பேச்சி, முடியலட்டி."

ஐயோ, அப்போதாவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா! இத்தனை வருஷத்தில் அவன் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் ஜனம், கும்பிட்ட கைகள், மேளம். அவள் அவன் காதருகே சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நாளுதாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

அவன் நிமிர்ந்தான். திருநீற்றை அவள் நெற்றியில் பூசினான். அடுத்த ஆள் விழுந்தான்.

மறுநாள் குடிலில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி. சிவந்த கண் மஞ்சளாகத் தொடங்கியது. மஞ்சள்காமாலை என்று முடிவு செய்தார்கள். மஞ்சள்காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்பது அந்த லைனில் எல்லோருக்கும் மனப்பாடம். கீழாநெல்லி தேடி ஆள் போனது. அரைத்து மோரில் கொடுத்தார்கள். அதுவும் வெளியே வந்தது. ஒரு பகல் அதில் போயிற்று. மூத்திரம் நின்றுவிட்டது என்பதை அவன் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. இருமியபோது துண்டில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சி குடிலுக்குள் ஓடினாள். பெண்கள் நுழையக்கூடாத இடம். யாரும் தடுக்கவில்லை. வேலைக்கு வராதவனைத் தேடி வந்த சிஜி, ஒரு பார்வை பார்த்தான். "என்டெ ஈஸ்வரா" என்று தலையில் கை வைத்தான். அவன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஜெஸ்லின் மார்த்தாண்டத்துப் பெண். தமிழ் பேசியதே பேச்சிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கேள்வி கேட்கத் தொடங்கியதும் அந்த ஆறுதல் போய்விட்டது.

"காய்ச்சல் எப்ப வந்துது?"

"விரதச் சூடுன்னு நெனைச்சோம்மா."

"கண்ணு எப்ப செவந்துது?"

பேச்சி, "அது அம்மன்னு சொன்னாவ" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. திட்டுவாள் என்று பேச்சி காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் மெதுவாகத்தான் சொன்னாள்: "எலிக்காய்ச்சல்ல கண்ணு அப்படித்தான் செவக்கும். அன்னைக்கே வந்திருந்தா மருந்துக்கு நல்லாக் கேட்டிருக்கும். இப்ப கிட்னி நின்னு போச்சு. நெஞ்சுலயும் ரத்தம் கசியுது. உடனே டயாலிசிஸ் பண்ணணும். கழுத்துல குழாய் போடணும். அந்த மாலையக் கழத்திக் குடுங்க."

"மாலைய ஒதுக்கி வச்சுட்டுப் போட முடியாதாம்மா?"

"முடியாது. நர்ஸ் கழத்தப் போனா விடமாட்டேங்கிறார். நீங்க சொன்னாக் கேப்பார்."

அதற்குள் திரவியம் அண்ணாச்சி போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "யம்மா பேச்சி, மாலைய மட்டும் கழத்திராத. சூரன் விழும் முன்னால மாலை எறங்குனா நேந்துக்கிட்ட உசுருக்கு ஆகாது. நான் சொல்லுதத சொல்லிட்டேன்." நேர்ந்துகொண்ட உசுரு யாருடையது என்று பேச்சிக்கு நன்றாகத் தெரியும். போனை வைத்தாள்.

உள்ளே வன்னியராஜ் கண்ணை மூடிக் கிடந்தான். மூக்கில் ஆக்ஸிஜன். உடம்பெல்லாம் மஞ்சள் அப்பியதுபோல இருந்தது. வலது கை மட்டும் நெஞ்சில் கிடந்த துளசி மாலையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பேச்சி அவனைத் தொட்டாள். இத்தனை நாள் கழித்து, புருஷன் என்று தொடுவது முதல் தடவை. அவன் கண்ணைத் திறந்தான். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. தலையை ஆட்டினான். வேண்டாம்.

"விடுங்க" என்றாள்.

"ஒனக்கு... ஆகாதுட்டி." மூச்சு வாங்கியது.

"என் உசுருதான? போனாப் போவுது. நான் குடுக்கேன். நீங்க விடுங்க."

அவன் விடவில்லை. கூலி வேலை செய்த கை, அந்த நிலைமையிலும் இறுக்கம் இறுக்கம்தான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அழுதுகொண்டே பிரித்தாள். கடைசி விரலைப் பிரித்ததும் மாலையைத் தலைவழியாகக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, எடுத்துக்கோ, என்ன எடுத்துக்கோ" என்று முணுமுணுத்தபடி வெளியே வந்து உட்கார்ந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். மயக்கம் வரும், நெஞ்சு அடைக்கும், ஏதோ ஒன்று வரும் என்று. பசித்தது. அவ்வளவுதான்.

டாக்டர் வெளியே வந்தபோது கேட்டாள்: "அவியகிட்டேருந்து இது எனக்கு ஒட்டுமாம்மா?"

டாக்டர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. எலிகிட்டேருந்து தண்ணிக்கு, தண்ணியிலேருந்து மனுஷனுக்கு. மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு இது பரவுறதில்ல. அவரோட நின்னுரும்."

அவனோடு நின்றுவிடும். பேச்சி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். டெங்குவாக இருந்தால் கொசுவாவது கொண்டுவந்து கொடுக்கும். சளி, அம்மை, கண்வலி என்றால் பக்கத்தில் உட்கார்ந்தே வாங்கிக்கொள்ளலாம். இதில் பாதி வாங்கிக்கொள்ளக்கூட வழியில்லை. ஒரு எலியிடம் இருக்க முடிகிற நோய், பெண்டாட்டியிடம் வராதாம்.

மறுநாள் மத்தியானம் வன்னியராஜ் இறந்துபோனான்.

ஊரில் இருந்து அவன் தம்பி வந்து சேரும்வரை உடம்பை லைனுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருத்தி, "அவசரப்பட்டு மாலையக் கழத்திட்டியேட்டி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்த சிஜி, "அன்னைக்கு அந்த பூட்ஸ் இட்டிருந்தெங்கில்..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இரண்டு பேரும் சொன்னது ஒரே ஆளைத்தான். பேச்சி இரண்டுக்கும் தலையை ஆட்டினாள்.

செட்டு ஆட்கள் யாரும் கிட்டே வரவில்லை. வர முடியாது, மாலை போட்டிருக்கிறார்கள். சாவு வீடு தீட்டு. ஆனாலும் மனசு கேட்காமல், குடிலில் இருந்து கிளம்பி வந்து தெருமுனையில் நின்றார்கள். திரவியம் அண்ணாச்சி, மேளக்காரன், இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் சிவப்பு வேட்டி, கழுத்தில் மாலை. அந்த முனையில் ஓடை பொங்கி, ஹோட்டல் குப்பையெல்லாம் மிதந்துவந்து, ரோட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அத்தனை பேரும் வெறுங்காலோடு அதற்குள் நின்று, நனைந்துகொண்டு, அழுதுகொண்டிருந்தார்கள்.

பேச்சி அதுவரை தலை குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது அவர்கள் கால் கண்ணில் பட்டது. பட்டதும் எழுந்தாள். பிடித்திருந்த பெண்களைத் தள்ளிவிட்டு, முடி அவிழ்ந்து விழ, வாசலில் நின்று கத்தினாள்.

"ஏ, மேல ஏறுங்கல! தண்ணிய விட்டு ஏறுங்கல! எலி மூத்திரம்ல அது! செருப்பப் போடுங்க! குத்தம் ஒண்ணும் வராது, வந்தா எனக்கு வரட்டும், செருப்பப் போடுங்கலே!"

தொண்டை கிழிகிற கத்தல். லைன் முழுக்க அழுகை நின்றுபோனது. தெருமுனையில் திரவியம் அண்ணாச்சியின் உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. கையைத் தலைக்கு மேல் கூப்பினார்.

"ஆத்தா வந்துட்டா. மாலை எறங்குன குத்தத்தக் கேக்க வந்துட்டா. விழுந்து கும்பிடுங்கல!"

"ஓம் காளி! ஜெய் காளி!" என்றான் மேளக்காரன்.

"ஐயா, நான் பேச்சி! பேச்சிய்யா! ஏறுங்கய்யா!" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். கத்தக் கத்த, அவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தத் தண்ணீரிலேயே முழங்கால் போட்டு விழுந்தார்கள்.